மூன்றாம் தட்டு அம்மணிகள்: ஈரோட்டு வாடகை நூலகத்தில் காதல் மர்ம நாவல்கள்

ஈரோடு மணிக்கூண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ஜவுளிக் குடோன்களுக்கு நடுவே ஒரு மொபெட் மட்டும் நுழைகிற சந்தில் இருக்கிறது இந்த வாடகை நூலகம். நடத்துகிற அக்காவுக்கு விளம்பரம் பிடிக்காது. எனவே பெயர் வேண்டாம். தேடிப் போகிறவர்கள் பழைய காகித வாசனையை மோப்பம் பிடித்தே போய்ச் சேரலாம்.

உள்ளே மூன்று சுவரும் அலமாரிதான். இடது சுவரில் மூன்றாம் தட்டில் 'அம்மணி கதை' என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதிய அட்டை ஒட்டியிருக்கிறது. காதலும் மர்மமும் கலந்து, கதாநாயகியே தடயத்தைத் தேடிக் கிளம்புகிற நாவல்கள் எல்லாம் அந்தத் தட்டில். கொங்குநாட்டில் வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிற சொல் இங்கே ஒரு கதை வகைக்கே பெயராகிவிட்டது. இந்த விமர்சனம் அந்தத் தட்டுக்கு மட்டும்தான். பக்தி, சமையல், ஜோதிடத் தட்டுகளைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும்.

முதலில் காசு விஷயம். முன்பணம் 500 ரூபாய். விலகும்போது முழுதாகத் திரும்பி வரும், ஆனால் ரசீது கையில் இருக்க வேண்டும். அட்டை விலையில் பத்து சதவீதம் வாசிப்புக் கட்டணம் என்பது வாடகை நூலகங்களின் பழைய வழக்கம். ஐந்து ரூபாய் என்று விலை அச்சான மாத நாவலுக்கு அந்தக் கணக்குப்படி எட்டணாதான் வரும். அது கட்டாது என்பதால் நான்கு நாவல்களைச் சேர்த்து பைண்டு போட்டு, பைண்டுக்கு 20 ரூபாய் வாங்குகிறார்கள். ஒரு வாரம் கெடு, தாண்டினால் நாளுக்கு 2 ரூபாய். ஒரு தடவைக்கு மூன்று பைண்டு வரை எடுக்கலாம். கணக்குப் பார்த்தால் ஒரு கதை ஐந்து ரூபாய். இன்றைக்கு ஈரோட்டில் ஐந்து ரூபாய்க்கு வேறு எதுவும் ஒன்றரை மணி நேரம் ஓடாது.

இதில் ஒரு பொறி உண்டு. நான்கும் அம்மணி கதையாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பைண்டு போடுகிறவர் அளவு பார்த்துத்தான் சேர்க்கிறார், கதை பார்த்து இல்லை. முதுகில் ஒட்டிய சீட்டில் முதல் நாவலின் பெயர் மட்டும்தான் இருக்கும். அது துணிச்சலான பெண் கதை, பின்னால் தைத்த மூன்றும் மாமியார் கதை என்று ஆகிவிட வாய்ப்பு நிறைய. நான்கு நாவலின் முதல் பக்கத்தையும் அங்கேயே நின்று புரட்டிவிட்டு எடுப்பது நல்லது. அக்கா ஒன்றும் சொல்ல மாட்டார். "நின்னு படிக்காதீங் அம்மணி, முக்காலி கெடக்குது பாருங்" என்பார், அவ்வளவுதான்.

அடுத்தது பக்கக் கணக்கு. இந்தத் தட்டில் ஏமாறுகிறவர்களில் பெரும்பாலானோர் ஏமாறுவது இங்கேதான், அதனால் விரிவாகவே சொல்லலாம். மாத நாவல் தைத்த புத்தகம் அல்ல. தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து, நடுவில் இரண்டு ஸ்டேபிள் பின் அடித்தது. 96 பக்க நாவலில் 1, 2 ஆம் பக்கங்கள் இருக்கிற அதே தாளின் மறுபாதியில்தான் 95, 96 இருக்கும். முதல் தாளை யாராவது விளம்பரம்தானே என்று கிழித்தால், கொலைகாரன் பிடிபடுகிற கடைசித் தாள் பிடிமானம் இல்லாமல் கொஞ்ச நாளில் கழன்று விழுந்துவிடும். ஒரே தாளின் ஒரே முகத்தில் இருக்கிற இரண்டு பக்க எண்களையும் கூட்டினால் 97 வர வேண்டும். 17 ஆம் பக்கம் இல்லையென்றால் 80 ஐப் பாருங்கள், 18 இல்லையென்றால் 79 ஐ. முன்பாதியில் ஒரு தாள் தொலைந்திருந்தால் பின்பாதியில் அதன் ஜோடியும் ஆபத்தில் இருக்கிறது என்று அர்த்தம். புத்தகம் 80 பக்கம் என்றால் கூட்டுத்தொகை 81, 112 பக்கம் என்றால் 113.

ஸ்டேபிள் பின் துருப்பிடிப்பது அடுத்த தொல்லை. துரு பரவினால் நடுத்தாள்தான் முதலில் கழலும். 96 பக்க நாவலில் அது 47 முதல் 50 வரை, அதாவது இடைவேளைத் திருப்பம் வருகிற இடம். பைண்டு போடும்போது பின்னை எடுத்துவிட்டு ஓரமாகத் தைக்கிறார்கள். கழலாது, ஆனால் உள் ஓரத்தில் கால் அங்குலம் போய்விடும், வரியின் முதல் எழுத்தோ கடைசி எழுத்தோ தையலுக்குள் ஒளிந்துகொள்ளும். முழுக்க விரித்து அழுத்தினால் முதுகு உடையும். மாத நாவல் அச்சாவது மலிவான மரக்கூழ்த் தாளில். அதிலிருக்கும் லிக்னின் காற்றும் வெளிச்சமும் பட்டுத் தாளை மஞ்சளாக்கி மொறுமொறுப்பாக்கிவிடும். முப்பது வருஷத்துத் தாளின் முனையை மடித்து அடையாளம் வைத்தால் முனை கையோடு வந்துவிடும். பஸ் டிக்கெட்டைச் செருகி வைத்தால் போதும். பைண்டு பசையை ராமபாணப் பூச்சி விரும்பித் தின்னும் என்பதால் அக்கா வேப்பிலையும் அந்துருண்டையும் போட்டு வைக்கிறார். வாசனை ஒத்துக்கொள்ளாதவர்கள் வீட்டுக்குப் போனதும் அரை மணி நேரம் நிழலில் விரித்து வையுங்கள். வெயிலில் வேண்டாம்.

இனி உள்ளே இருக்கும் சரக்கு.

இந்த வகைக்குத் தமிழில் வயது அதிகம். 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்திய வை.மு.கோதைநாயகி அம்மாள் எழுதிய 115 நாவல்களில் துப்பறியும் கதைகளும் உண்டு. பெண் எழுதி, பெண்ணே பதிப்பித்து, பெண்கள் கூடி உட்கார்ந்து ஒருவர் படிக்க மற்றவர் கேட்ட காலம் அது. ஆங்கிலத்தில் இதைத் தனி வரிசையாகவே போட்டார்கள். ஹார்லிகுவின் நிறுவனத்தின் 'இன்ட்ரீக்' வரிசை 1984 இல் தொடங்கியது. அதே 1984 இல்தான் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸின் முதல் இதழ் வந்தது. அதன் நாயகி மாடஸ்டி. தட்டின் வலது ஓரத்தில் ஒரு அட்டைப்பெட்டியில் இந்தக் காமிக்ஸ்களும் கிடக்கின்றன, அதற்குப் பிறகு வருவோம்.

காதல் மர்ம நாவலுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. காதலை உருவினால் மர்மம் சரிய வேண்டும், மர்மத்தை உருவினால் காதல் சரிய வேண்டும். அவன்மேல் நம்பிக்கை வைக்கலாமா என்ற கேள்வியும் கொலை செய்தது யார் என்ற கேள்வியும் ஒரே கயிற்றில் முறுக்கின இரண்டு புரி மாதிரி இருக்க வேண்டும். தட்டில் இருப்பவற்றில் பாதி இதில் தோற்கிறது. பத்து அத்தியாயம் காதல், நடுவில் ஒரு பிணம், பிறகு பத்து அத்தியாயம் விசாரணை. பிரித்து இரண்டு நாவலாக விற்றாலும் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

நாயகியின் துணிச்சலை அளக்க ஒரு சுலபமான வழி: அவள் வேலையைப் பாருங்கள். 'துணிச்சல்காரி', 'கராத்தே தெரிந்தவள்', 'புல்லட் ஓட்டுவாள்' என்று முதல் பக்கத்தில் சொல்லிவிடுவது சுலபம். அந்தக் கராத்தே 90 ஆம் பக்கத்தில் எங்கே போயிற்று? பத்துக்கு ஆறு கதையில், குடோனில் கட்டிப் போட்டிருப்பார்கள், அவன் வந்து அவிழ்ப்பான். முடிச்சை அவிழ்ப்பது யார் என்று பார்த்துவிட்டாலே நாவலின் தரம் தெரிந்துவிடும். நல்ல கதையில் அவளுடைய தொழிலே அவளுக்கு ஆயுதம். மற்றவர் கண்ணில் படாதது அவள் கண்ணில் படும், அதற்குக் காரணம் அவள் தினமும் செய்கிற வேலையாக இருக்கும்.

இந்தத் தட்டின் சிறந்த கதை அப்படிப்பட்டதுதான். பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் அந்த பைண்டு ஆறு மாதத்துக்குக் கிடைக்காது. சிவப்பு ரெக்ஸின் முதுகு, இரண்டாவதாகத் தைத்தது என்பது வரைக்கும் சொல்லலாம். மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிற பெண். பச்சை மஞ்சளை வேகவைத்துக் காயவைத்தால் நூறு கிலோவுக்கு இருபது கிலோ சுமாருக்குத்தான் காய்ந்த மஞ்சள் தேறும், ரகத்தைப் பொறுத்து நாலைந்து கிலோ கூடலாம், குறையலாம். முதலாளியின் பேரேட்டில் ஒரு குடோனுக்கு மட்டும் முப்பது தேறுகிறது. கூடுதல் பத்து கிலோ எங்கிருந்து வருகிறது, எந்த மூட்டையில் வேறென்ன வருகிறது என்று அவள் தேடப் போகிறாள். கொலை அங்கிருந்து தொடங்குகிறது. முதலாளியின் மகன்தான் காதலன், அவனும் சந்தேக வட்டத்துக்குள். ஒவ்வொரு தடவை அவன் அன்பாகப் பேசும்போதும் அவள் மனதுக்குள் மூட்டை எண்ணிக்கொண்டிருக்கிறாள். விரலி மஞ்சளையும் கிழங்கு மஞ்சளையும் பிரித்துப் போடுகிற இடத்தில் நடக்கும் காதல் காட்சி ஒன்று இருக்கிறது. முத்தமே இல்லை, ஆனால் அவன் கையில் ஒட்டிய மஞ்சள் தூள் எந்தக் குடோன் சரக்கு என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. காதலும் துப்பும் ஒரே வரியில். அந்த நான்கு பக்கத்துக்கு மட்டும் இருபது ரூபாய் கொடுக்கலாம்.

இரண்டாம் இடம் கொடுமணல் கதைக்கு. சென்னிமலைக்கு அந்தப் பக்கம், நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணல், பதிற்றுப்பத்தில் 'கொடுமணம்' என்று வருகிற ஊர். மணி செய்து ஏற்றுமதி செய்த பழைய தொழில்நகரம் என்பதை அகழாய்வு காட்டியிருக்கிறது. நாயகி அகழாய்வு மாணவி. பெட்டியில் இருந்த மணிகளில் சில மாற்றப்பட்டிருப்பதைத் துளையை வைத்துக் கண்டுபிடிக்கிறாள். பழங்கால மணியில் இரண்டு பக்கத்திலிருந்தும் துளைத்திருப்பார்கள், நடுவில் இரண்டு துளையும் சேருமிடம் லேசாக விலகியிருக்கும். எந்திரத்தில் துளைத்தால் நேராக ஊடுருவிப் போகும். நூல் கோக்கும்போது விரலுக்கே அது தெரிந்துவிடுகிறது என்று எழுதியிருப்பது அருமை. காதல் பகுதி சப்பை. காதலன் டெல்லியிலிருந்து வந்தவன், கோவை வெயிலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறான்.

அத்தியாயத்துக்கு அத்தியாயம் தாவுகிற 'இரண்டு தடக் கதை'யில்தான் காதல் நிறைய அடிபடுகிறது. ஒற்றைப்படை அத்தியாயத்தில் ஒரு கதை, இரட்டைப்படையில் இன்னொன்று, கடைசியில் இரண்டும் சேரும். தமிழ் மாத நாவலுக்கு இது கை வந்த கலை, வேகம் குறையாது. ஆனால் நாயகி ஒரு தடத்திலும் நாயகன் இன்னொரு தடத்திலும் இருந்தால் இருவரும் பார்த்துக்கொள்ள எழுபதாம் பக்கம் ஆகிவிடும். மீதி இருபத்தைந்து பக்கத்தில் அறிமுகம், சண்டை, சந்தேகம், சமாதானம், தாலி. மூன்று நாள் கெட்ட காய்ச்சல் மாதிரி இருக்கும். இருவரையும் ஒரே தடத்தில் வைத்து, வில்லனை இன்னொரு தடத்தில் விட்ட கதைகள்தான் தேறுகின்றன. அத்தியாயம் ஒன்றையும் மூன்றையும் புரட்டினால் எந்த வகை என்று தெரிந்துவிடும்.

இடம் பற்றி எழுதாமல் விட முடியாது. கொங்கு மண்ணில் நடக்கிற கதைகள் இந்தத் தட்டில் நிறைய. எழுதினவர் மேப்பைப் பார்த்தாரா, நேரில் போனாரா என்பது மலைப்பாதை வந்ததும் தெரிந்துவிடும். சத்தியமங்கலத்துக்கு மேலே திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். நள்ளிரவில் வில்லன் கார் துரத்த, நாயகி 27 வளைவையும் ஒரே மூச்சில் ஏறுவதாக எழுதியிருக்கிறார் ஒருவர். பழைய கதை என்றால் மன்னிக்கலாம். ஆனால் 2022 பிப்ரவரியிலிருந்து இரவு 9 முதல் காலை 6 வரை அந்தப் பாதையில் கார்களுக்கும் தடை. லாரிகளுக்குச் சாயங்காலம் 6 மணிக்கே நிற்கும். பண்ணாரி செக்போஸ்டில் கேட் விழுந்துவிடும். செல்போனில் லொகேஷன் அனுப்புகிற அளவுக்குப் புதிய கதையில் இந்தத் தவறு வந்தால் ஆசிரியர் கோவையைத் தாண்டினதே இல்லை என்று அர்த்தம். இதே தடையை இன்னொரு நாவல் அழகாகப் பயன்படுத்தியிருக்கிறது. மேலே ஆசனூரில் விடியும்வரை வில்லன் இறங்க முடியாது என்று தெரிந்துகொண்டே நாயகி 9 மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவனை மேலே வரவழைக்கிறாள். அவசரத்துக்கு விலக்குப் பெற்ற ஆம்புலன்ஸில் அவள் மட்டும் இறங்கிவிடுகிறாள். சபாஷ் போட வைக்கிற இடம்.

மேட்டுப்பாளையம் மலை ரயில் இன்னொரு சோதனைச்சாவடி. ஓடுகிற ரயிலிலிருந்து குதித்துத் தப்பினாள் என்று வந்தால் சிரிக்கலாம். கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் பல்சக்கரத் தண்டவாளம், ரயில் சைக்கிள் வேகத்தில்தான் ஏறும். 46 கிலோமீட்டர் ஏறி ஊட்டி போய்ச் சேர ஐந்து மணி நேரம் சுமாராக ஆகிவிடும். துரத்துகிறவன் ஓடியே பிடித்துவிடலாம். 'முன்னால் இருந்த என்ஜினை நோக்கி ஓடினாள்' என்றும் ஒரு கதையில் வருகிறது. மேலே ஏறும்போது நீராவி என்ஜின் பின்னால் நின்று தள்ளும். முன்னால் ஓடினால் பெட்டியின் முனையில் பிரேக்காரர்தான் இருப்பார். 16 சுரங்கங்களில் ஒன்றில் நடக்கிற கொலையை வைத்து எழுதியவர் மட்டும் இருட்டு எத்தனை நொடி என்று கணக்குப் பார்த்திருக்கிறார்.

வால்பாறைக் கதைகளில் ஒரே குறை, யாரையும் அட்டைப்பூச்சி கடிப்பதில்லை. ஆழியாறிலிருந்து 40 வளைவு ஏறி, ஜூலை மழையில் தேயிலைக் காட்டுக்குள் புடவையோடு ஒளிந்திருக்கிற நாயகி, மறுநாள் காலையில் சலவை செய்தமாதிரி வருகிறாள். சோலைக்குள் பத்து நிமிஷம் நின்று பார்க்கட்டும். புகையிலைத் தண்ணியோ உப்போ இல்லாமல் எந்த அம்மணியும் வெளியே வர முடியாது.

பேச்சு வழக்கும் அப்படியே. 'ங்க' ஒட்டினால் கொங்குத் தமிழ் ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். "நான் போறேன்ங்க" என்று ஈரோட்டில் யாரும் சொல்வதில்லை, "போயிட்டு வர்றனுங்". 'என் வீடு' என்பது 'என்ற ஊடு'. விருந்தாளி 'ஒறம்பரை'. சாயங்காலம் 'பொழுதோட'. மாட்டைக் கட்டுகிற இடம் கட்டுத்தரை, வீட்டுக்குப் பின்னால் குளிக்கிற இடம் பொடக்காளி. ஒரு நல்ல நாவலில் வில்லன் வீட்டுக்குள் எல்லா அறையும் தேடிவிட்டுப் போகிறான். அவன் வெளியூர்க்காரன், பொடக்காளி என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. அவள் அங்கேதான் நிற்கிறாள். சொல் தெரியாததே துப்பு.

தொழில்நுட்பத் தவறுகள் எல்லா மாநிலத்துக்கும் பொது. மயக்க மருந்து நனைத்த கைக்குட்டையை மூக்கில் வைத்ததும் சரிந்து விழுவது நடக்காது. குளோரோஃபார்மை நாலைந்து நிமிஷமாவது விடாமல் சுவாசித்தால்தான் நினைவு தப்பும், அதற்குள் அவள் நாலு உதை விட்டிருக்கலாம். சட்டப் பிரிவுகளைப் பொறுத்தவரை, கதை நடக்கிற வருஷத்தைப் பாருங்கள். கொலைக்கு இந்திய தண்டனைச் சட்டம் 302 என்பது 2024 ஜூலை 1 க்கு முந்தைய கதைக்குச் சரி, அதற்குப் பிறகு பாரதிய நியாய சன்ஹிதா 103. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து நாயகியைக் கைது செய்து கூட்டிப் போவது இந்தத் தட்டில் குறைந்தது ஐந்து கதையில் உண்டு. சூரியன் மறைந்த பிறகு பெண்ணைக் கைது செய்ய, விசேஷ சூழ்நிலை இருந்தால்தான் முடியும். அப்போதும் பெண் அதிகாரி மாஜிஸ்திரேட்டிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். இது தெரிந்த நாயகி வாசலில் நின்றே இன்ஸ்பெக்டரைத் திருப்பி அனுப்பலாமே! சண்டைக்காட்சியைவிட அது ருசியாக இருக்கும். ஒருவர்கூட எழுதவில்லை.

காதலன் விஷயத்தில் தட்டுக்கு மதிப்பெண் குறைவு. எண்பதுகளின் கதைகளில் பஸ் ஸ்டாப் வரை பின்தொடர்ந்து வருகிறவன்தான் நாயகன். இன்றைக்கு அது பின்தொடர்தல் குற்றம். மர்மக் கதையில் இது சுவையையும் கெடுக்கிறது. வில்லனும் பின்தொடர்கிறான், நாயகனும் பின்தொடர்கிறான் என்றால் அவள் யாரைப் பார்த்துப் பயப்படுவது? தேர்ந்த எழுத்தாளர் இதையே சந்தேகமாகத் திருப்பிக் கடைசிவரை கொண்டு போவார். தேராதவர் 'அவன் பார்வையில் காதல் இருந்தது' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். இப்போது போனில் தொடராக வருகிற 'ஆன்டி ஹீரோ' கதைகளிலும் இதே வியாதிதான், அத்தியாயம் மட்டும் கூட. ஆனாலும் போன் கதைக்கு ஒரு சௌகரியம் உண்டு, கடைசிப் பக்கம் கிழியாது.

அட்டைப்பெட்டி காமிக்ஸைத் தவறவிட வேண்டாம். மாடஸ்டி பிளைசி 1963 இல் லண்டன் நாளிதழில் தொடங்கி 2001 வரை வந்த படக்கதை. எழுதியவர் பீட்டர் ஓ'டானல். கூட்டாளி வில்லி கார்வின் அவளை 'இளவரசி' என்பான், தமிழ் வாசகர்களும் அப்படியே அழைக்கிறார்கள். இருவருக்கும் நடுவில் காதல் இல்லை. ஆனால் 'இவள் போட்ட திட்டம், நான் நடத்துகிறேன்' என்கிற நம்பிக்கை இருக்கிறது. மூன்றாம் தட்டின் காதலர்களில் பலருக்கு அது இல்லை. அவள் கைக்குள் அடங்கும் சின்ன ஆயுதத்துக்கு 'காங்கோ' என்று பெயர். கொங்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, கேட்டுவிடாதீர்கள். பெட்டியில் இருப்பவை ஒற்றை இதழ்கள், பைண்டு இல்லை. கட்டணம் பைண்டைவிட அதிகம், முன்பணமும் தனி. பழைய இதழ்களைச் சேகரிப்பாளர்கள் தேடி அலைவதால் அக்கா எச்சரிக்கையாக இருக்கிறார். அட்டை கிழிந்து திரும்பினால் முன்பணம் போனது போனதுதான். சொந்தமாக வாங்க நினைப்பவர்கள் ஆகஸ்டில் நடக்கிற ஈரோடு புத்தகத் திருவிழா வரை பொறுத்தால் புதிய பதிப்புகளே கிடைக்கும். ஆங்கில மில்ஸ் அண்ட் பூன் ஒரு வரிசை இருக்கிறது. அதில் சஸ்பென்ஸ் ரகம் பத்துக்குள்தான். மீதி எல்லாம் மருத்துவமனைக் காதல், அதில் ஆபத்து என்றால் ஊசி மட்டும்தான்.

போக வேண்டிய நேரம்: திங்கள் சாயங்காலமும் செவ்வாயும் ஜவுளிச் சந்தைக் கூட்டத்தில் சந்துக்குள் நுழைய முடியாது. புதன், வியாழன் காலை 11 மணிக்கு மேல் அலமாரிப் பக்கம் கூட்டம் இருக்காது, அக்காவும் பேச்சுக்குத் தயாராக இருப்பார். துணிப்பை கொண்டு போங்கள். பிளாஸ்டிக் பையில் வியர்த்துப் பைண்டு அட்டை உப்பிவிடும். எடுக்கிற பைண்டின் முதல் உள்ளட்டையில் பென்சிலில் வரிசையாகச் சின்ன எழுத்துகள் இருக்கும். ச, பா, ரா.வி., 214 என்று. படித்துவிட்டோம் என்று நினைவு வைக்க உறுப்பினர்கள் போட்ட அடையாளம் அது. இருபது அடையாளத்துக்கு மேல் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். நாலே நாலு இருந்து, பக்கத்தில் 'சுமார்' என்று எழுதியிருந்தால் நாலு பேரும் பொய் சொல்லவில்லை.

கடைசித் தாள் இல்லாத கதைகளுக்கு அக்காவிடம் ஒரு ஏற்பாடு உண்டு. கல்லாப்பெட்டிக்குள் நீல அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு. எந்த பைண்டில், எந்தக் கதையில் முடிவு இல்லையோ, பைண்டு எண்ணைப் போட்டு அதற்கு நேரே முடிவை எழுதி வைத்திருக்கிறார். கேட்டால் விரலை வைத்துக் காட்டுவார், நோட்டைக் கையில் தர மாட்டார். குறை ஒன்றுதான். '86, மூணாவது கதை, மேனேஜர் கொன்னான்' என்பதோடு நிற்கிறது. அவர்கள் சேர்ந்தார்களா என்று அதில் இல்லை. கேட்டால் அக்கா நோட்டை மூடிவிட்டு, "அதெல்லாம் சேந்திருப்பாங்கொ, அடுத்த பைண்ட எடுங்" என்கிறார்.